மிஞ்சிய நூலில் ஒரு தொப்பி

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற ஒன்றுகூடலில் கனடாவில் வசிக்கும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு மாதங்களுக்கு முன் விழாக்குழுத் தங்கை ஒருவர் என்னை ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, வாற நேரம் ஒரு இருபது நிமிசம் பேசவும் வேணும்" என்றார். "எதைப் பற்றி?" என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பற்றி" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, குறைமாதக் குழந்தைகளைப் பராமரிப்பது. ஏறக்குறைய முப்பது வருடம் தாதியாக அந்த வேலைதான் பார்த்தேன். மற்றது, கம்பளி நூல் பின்னுவது. "அப்ப மிஞ்சின நூலிலை தருமத்துக்குப் பின்னுறதைப் பற்றிப் பேசட்டோ?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பின்னலோ, அக்கா?" என்றார். பிறகு மரியாதைக்கு, "நல்ல விடயம்தான்" என்றார்.

அந்தத் தயக்கம் எனக்கு விளங்குகிறது. நம் பழைய மாணவிகளில் வைத்தியர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பின்னல் ஒரு சின்ன விடயம்தான். ஆனால் அந்தச் சின்ன விடயத்தில் நான் ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறேன். அதைச் சொல்லவும்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் இங்கே படித்தது 1970 முதல் 1977 வரை. அந்தக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலம். பாணுக்குக் கியூவில் நின்ற காலம். யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயத் தோட்டக்காரருக்கு அது நல்ல காலம். எங்கள் தையல் வகுப்புக்குத்தான் கெட்ட காலம். வெளிநாட்டு வுல் கடைகளில் கிடைக்காது. எங்கேயாவது கிடைத்தாலும், பள்ளிக்கூடத்துத் தையல் பாடத்துக்கென்று அப்பாமார் வாங்கித் தரும் விலையில் இராது.

எங்கள் தையல் ரீச்சரிடம் ஒரு பனையோலைக் கடகம் இருந்தது. அதற்குள்ளே இருந்தவைதான் எங்கள் வகுப்பின் முழுச் சொத்து: கொழும்பிலும் நுவரெலியாவிலும் வேலை பார்த்த உறவினரின் பழைய சுவெற்றர்களை அவிழ்த்து எடுத்த நூல், யாரோ முடிக்காமல் விட்ட மேசு, முழங்கை நீளம்கூட இல்லாத துண்டுகள். அந்த நூலில் நாங்கள் பின்னுவோம். ரீச்சர் பார்த்துப் புள்ளி போடுவா. புள்ளி போட்டு முடிந்ததும், எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அதை இழுத்து அவிழ்த்து, கதிரையின் முதுகில் சுற்றி, அடுத்த வகுப்புக்கு எடுத்து வைப்பா. நான் பின்னிய முதல் சோடி மேசு அப்படிப் போனபோது அழுதுவிட்டேன். ரீச்சர் சொன்னா: "பழகினது உன்ரை கையிலை இருக்கு. நூல் மற்றப் பிள்ளைக்கு வேணும்."

வருட முடிவில் மட்டும் சில அவிழ்க்கப்படாமல் தப்பும். நன்றாக வந்த குழந்தைத் தொப்பிகளைத் தெரிந்தெடுத்து, துவைத்து, ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வார்ட்டுக்கு ரீச்சர் கொண்டுபோய்க் கொடுப்பா. அந்தத் தெரிவில் என் தொப்பி ஒருமுறை விழுந்தது. நடுவில் ஒரு கண்ணி கழன்றிருந்தது. பரவாயில்லை, பழைய நூல்தானே, சும்மா கொடுப்பதுதானே என்று நான் முணுமுணுத்தது அவவின் காதில் விழுந்துவிட்டது. "நூல் பழசு எண்டதுக்காக வேலையும் பழசா இருக்கவேணுமோ, பிள்ளை?" என்று கேட்டா. வேறொன்றும் சொல்லவில்லை. நான் திரும்பப் பின்னினேன்.

அந்தக் கேள்வியின் முழு அர்த்தமும் எனக்கு விளங்க இன்னும் இருபது வருடம் எடுத்தது.

1983க்குப் பிறகு நம்மில் பலர் போன வழியில் நானும் போனேன். ரொறன்ரோவில் தாதியாகப் பயின்று, குறைமாதக் குழந்தைகளின் வார்ட்டில் சேர்ந்தேன். அங்கே ஒரு அலுமாரித் தட்டு முழுவதும் பின்னல் தொப்பிகள் இருந்தன. ஊரில் உள்ள பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள், தங்களிடம் மிஞ்சிய நூலில் பின்னித் துவைத்து அனுப்பியவை. அளவுவாரியாக அடுக்கியிருக்கும். ஆகச் சின்னது ஒரு தோடம்பழத்துக்குத்தான் போடலாம்.

குழந்தைக்கு ஏன் தொப்பி என்று நீங்கள் கேட்கலாம். பெரியவர்களின் உயரத்தில் தலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கு அது நாலில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலை ஈரத்தோடு திறந்திருந்தால் உடற்சூடு அதன் வழியே வெளியேறும். குறைமாதக் குழந்தைக்குத் தோலும் மெல்லியது. தோலுக்குக் கீழே கொழுப்பும் இல்லை. குளிர்ந்துபோனால், வளர்வதற்குச் செலவாக வேண்டிய சக்தியைச் சூட்டுக்குச் செலவழிக்கும். மூச்சு விடவும் கஷ்டப்படும். இது பனி கொட்டும் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. வெப்ப நாட்டிலும், மின்விசிறி சுழலும் அறையில், 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை குளிர்ந்துபோகும். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகொட்டா நகரில், சூடாக்கும் பெட்டிகள் போதாமல் போனபோது, வைத்தியர்கள் குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்துக் கட்டி வைக்கத் தொடங்கினார்கள். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுவதும் செய்வது அதைத்தான். அந்தக் குழந்தைக்கு உடுப்பே இல்லை. இடுப்பில் ஒரு துணி, காலில் ஒரு மேசு, தலையில் ஒரு தொப்பி. தாயின் சூடு முன்பக்கத்தைக் காக்கும். தலையைத் தொப்பி காக்கும்.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தைந்து வாரத்தில் பிறந்த ஒரு குழந்தை. நாங்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தோம். விடிவதற்கு முன் அந்தக் குழந்தை போய்விட்டது. தாயின் கையில் கொடுத்தோம். நெடுநேரம் வைத்திருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "இந்தத் தொப்பியை நான் வைத்திருக்கலாமா?" என்று கேட்டார். அந்தக் குழந்தை இந்த உலகத்தில் உடுத்திய ஒரே உடுப்பு அதுதான். மஞ்சள் நூலில் தொடங்கிய தொப்பி. பாதியில் மஞ்சள் முடிந்துபோக, மேற்பாதி வெள்ளையில் தொடர்ந்திருந்தது. ஒரு கடதாசி உறையில் வைத்துக் கொடுக்கும்போது உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முடிச்சு ஒன்றுகூட இல்லை. நூல் நுனிகளையெல்லாம் கண்ணிகளுக்குள் வழுவாமல் ஓட்டி மறைத்திருந்தார் யாரோ ஒரு முகம் தெரியாத மனுசி. தன் தொப்பி யாருடைய தலைக்குப் போகும், எந்தத் தாயின் பெட்டிக்குள் வாழ்நாள் முழுவதும் இருக்கும் என்று பின்னும்போது அவருக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் எல்லாத் தொப்பியையும் அப்படிப் பின்னியிருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு எங்கள் ரீச்சரின் கேள்வி விளங்கியது.

விளங்கியதென்று நினைத்தேன். ஆனால் பாதிதான் விளங்கியிருந்தது. இனி என் பிழையைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதியை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ரொறன்ரோவில் இருந்த எங்களுக்குத் தொலைக்காட்சியை நிறுத்தவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. காசு சேர்த்தோம். அது போதாதென்று மனம் சொன்னது. கையால் ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் வகுப்புத் தோழிகள் ஏழு பேர் என் வீட்டில் கூடினோம். அலுமாரிகளில் மிஞ்சிக் கிடந்த வுல் முழுவதையும் கொட்டினோம். தை, மாசி இரண்டு மாதமும் ஒவ்வொரு மாலையும் பின்னினோம். ஐம்பத்தெட்டுச் சுவெற்றர், சின்னதும் பெரிதுமாய். ஒன்றில்கூடக் கழன்ற கண்ணி இல்லை. நானே ஒவ்வொன்றாய்ப் பரிசோதித்தேன். பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்பினோம். கிழக்குக் கரையில் ஒரு முகாமில் எங்கள் தோழி ஒருத்தி தொண்டு செய்துகொண்டிருந்தாள். அவளுக்குத்தான் அனுப்பினோம்.

பெட்டி போய்ச் சேரச் சித்திரை மாதமாகிவிட்டது. வைகாசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பேசுவது போலவே எழுதியிருந்தாள்: "அடியே, உங்கடை சுவெற்றர் வந்து சேர்ந்தது. நல்ல வடிவு. இஞ்சை தகரக் கொட்டிலுக்குள்ளை வெயில் எரிக்குது. பிள்ளையள் மேற்சட்டையே போடாமல் திரியுதுகள். இதை நான் ஆருக்குப் போட்டுவிட?"

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் குளிர்ந்தது, அதனால் அவர்களுக்கும் குளிரும் என்று பின்னியிருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்த நாடு. அதன் வெயில் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பின்னும்போது நான் அந்தப் பிள்ளைகளை நினைக்கவில்லை. என் மனப்பாரத்தை இறக்கி வைக்க ஒரு இடம் தேடியிருக்கிறேன். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். ஏழு பேரில் ஒருத்திகூடக் கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தாள். முகாமில் இருந்த பெண்கள் சிலர் அந்தச் சுவெற்றர்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை அவிழ்க்கலாமோ?" என்று கேட்டார்களாம். அவிழ்த்து, கழுவி, காயவைத்து, கொழுக்கி ஊசியால் தோளில் போடும் பைகள் பின்னத் தொடங்கினார்களாம். பகல் முழுவதும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கைக்கு வேலை கிடைத்ததும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி இது: "இனி அனுப்புறதெண்டால் பின்னி அனுப்பாதை. நூலாயே அனுப்பு. ஊசியும் வை."

எங்கள் ஐம்பத்தெட்டுச் சுவெற்றரும் ரீச்சரின் கடகத்து நூல் மாதிரி அவிழ்ந்து வேறு கைகளுக்குப் போயின. இந்தமுறை நான் அழவில்லை.

அன்று முதல் நான் எனக்கு வைத்துக்கொண்ட சட்டம் ஒன்று: முதற்கண்ணி போடும் முன் கேட்க வேண்டும். என்ன தேவை, எத்தனை தேவை, எப்படித் துவைப்பார்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் வரும்வரை ஊசியை எடுப்பதில்லை.

இந்தப் பிழை எங்களுடையது மட்டுமல்ல. அவுஸ்திரேலியாவின் பிலிப் தீவில் சின்னப் பென்குயின்கள் வாழ்கின்றன. கடலில் எண்ணெய் கசிந்தால் அவற்றின் இறகில் ஒட்டும். அலகால் கோதி அந்த நஞ்சை விழுங்காதபடி, கழுவும்வரை அவற்றுக்குப் பின்னல் சட்டை போடுவார்கள். 2001 ஆம் ஆண்டு எண்ணெய்க் கசிவின்போது அந்தச் சட்டைகள் உண்மையாகவே உதவின. ஆனால் செய்தி பரவியதும் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் சட்டைகள் வந்து குவிந்தன. தேவை முடிந்த பின்னும் வந்தன. போதும் என்று அவர்களே அறிவிக்க வேண்டியதாயிற்று. மிஞ்சியவற்றைப் பொம்மைப் பென்குயின்களுக்குப் போட்டு விற்று, பறவைகளின் பராமரிப்புக்கு அந்தப் பணத்தைப் பயன்படுத்தினார்கள்.

நம் நாட்டிலும் குளிருக்குப் பின்ன வேண்டிய இடம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. தை, மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். மலையகத்தில் ஆசிரியையாக இருந்த நம் பழைய மாணவி ஒருவரிடம், இந்தமுறை கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். நல்ல காலம் கேட்டேன். நான் மனதில் வைத்திருந்தது பல நிறத்தில் வரிபோட்ட சுவெற்றர். அவர் சொன்னார்: "அக்கா, பல நிறத்திலை போட்டால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போட ஏலாது. இஞ்சை கடும்நீலம் மட்டும்தான் விடுவினம். பல நிறத்திலை எண்டால் போர்வையாப் பின்னுங்கோ, வீட்டிலை எல்லாரும் போர்க்கலாம்." அதனால் சுவெற்றருக்குப் புது நூல் வாங்கினோம். மிஞ்சிய நூல் போர்வைக்குப் போனது.

மிஞ்சிய நூலைக்கொண்டு போர்வை பின்னுவதற்கு நல்ல வழி சதுரத் துண்டு. அவுஸ்திரேலியாவில் 1992 இல் ஒரு பெண்மணி தொடங்கிய போர்வைத் திட்டம் இன்றுவரை நடக்கிறது. அவர்கள் கேட்பது 25 சென்ரிமீற்றர்ச் சதுரங்கள். அகலத்துக்கு நாலு, நீளத்துக்கு ஏழு என்று இருபத்தெட்டைச் சேர்த்துத் தைத்தால் ஒருவர் போர்த்திப் படுக்கலாம். இதில் உள்ள வசதி என்னவென்றால், முழுப் போர்வையை ஒருவர் சுமக்கத் தேவையில்லை. கை நடுங்குகிறது, இனி ஏலாது என்று சொல்லும் அக்காவும் மாதத்துக்கு ஒரு சதுரம் பின்னலாம். அளவு மட்டும் பிசகக்கூடாது. ஒன்று 23, மற்றது 27 என்று வந்தால் சேர்க்கிறவர் படும் பாடு எனக்குத் தெரியும்.

இனி நூலைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு சொப்பிங் பைக்குள் துண்டு நூல் இருக்கும். முதலில் அதைத் தடிப்புவாரியாகப் பிரியுங்கள். மெல்லியதையும் தடித்ததையும் ஒரே துண்டில் சேர்த்தால் பின்னல் இழுபடும். அடுத்ததாக, என்ன நூல் என்று பிரியுங்கள். லேபல் தொலைந்த நூலென்றால் ஒரு விரல் நீளம் வெட்டி, குறட்டில் பிடித்து, குசினித் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். சேலைத் தலைப்பும் பேரப்பிள்ளைகளும் தூரத்தில் இருக்கட்டும். மயிர் பொசுங்கும் மணம் வந்து, சாம்பல் நொறுங்கினால் அது ஆட்டுரோமம். கடதாசி எரியும் மணமென்றால் பருத்தி. உருகிக் கறுத்து மணிபோல் இறுகினால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். இது ஏன் முக்கியம் என்றால், ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சூடான தண்ணீரில்தான் துவைப்பார்கள். ஆட்டுரோமம் அந்தத் தண்ணீரில் சுருங்கித் தடித்துவிடும். பருத்தியோடு சேர்த்துப் பின்னியிருந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, தொப்பி கோணிப்போகும்.

பழைய சுவெற்றரை அவிழ்க்க விரும்பினால் முதலில் தையல் ஓரத்தைப் பாருங்கள். துணிபோல் வெட்டி இயந்திரத்தால் ஓரம் அடித்த கடைச் சுவெற்றர் என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாய்த்தான் வரும். கையால் பின்னியதென்றால், தையலைப் பிரித்து, மேலிருந்து கீழாக அவிழ்த்து, கதிரை முதுகில் சுற்றுங்கள். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் தொங்கவிடுங்கள். கீழே ஒரு சின்னப் பாரம் கட்டினால் நூலின் சுருள் நிமிர்ந்துவிடும்.

தொப்பி பின்ன விரும்புகிறவர்களுக்கு, என் வார்ட்டுக்கு நான் பின்னிய முறையைச் சொல்கிறேன். மலரில் அச்சாகும் என்றபடியால் எழுதிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். நிறைமாதக் குழந்தைக்கு 20 முதல் 25 கிராம் நூல் காணும். குசினித் தராசில் நிறுத்துப் பாருங்கள். 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வரும் மிருதுவான நூல், 4 மில்லிமீற்றர் ஊசி. 72 கண்ணி போடுங்கள். இரண்டு பிளெயின், இரண்டு பேர்ல் என்று 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பின்னுங்கள். அந்த விளிம்புதான் நெற்றியைப் பிடிக்கும். பிறகு ஒரு வரி பிளெயின், ஒரு வரி பேர்ல் என்று, அடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் வரும்வரை போங்கள். இனிக் குறைக்க வேண்டும். ஏழு பிளெயின் பின்னி, அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். இப்படியே வரி முடிய எட்டுத் தடவை. திரும்பும் வரி முழுவதும் பேர்ல். அடுத்த பிளெயின் வரியில் ஆறு பின்னி இரண்டைச் சேருங்கள், அதற்கடுத்ததில் ஐந்து. இப்படி வரிக்கு எட்டெட்டாகக் குறைந்து கடைசியில் எட்டுக் கண்ணி நிற்கும். நூலை நீளமாக வெட்டி, அந்த எட்டுக்குள்ளாலும் ஓட்டி, இறுக்கி, பக்கத்தைத் தட்டையாகத் தையுங்கள். குறைமாதக் குழந்தைக்கு 56 கண்ணியில் தொடங்கி, 8 சென்ரிமீற்றரில், ஐந்து பின்னி இரண்டைச் சேர்த்துக் குறைக்கத் தொடங்குங்கள்.

நிறம் மாற்றுவதென்றால் வரியின் தொடக்கத்தில் மாற்றுங்கள். நுனி தையலுக்குள் மறையும். ஒவ்வொரு நுனிக்கும் 15 சென்ரிமீற்றர் விடுங்கள். நூல் முடியப்போகிறதா என்ற சந்தேகம் வந்தால், பின்னலின் அகலத்தைப்போல நாலு மடங்கு மிச்சமிருந்தால் இன்னொரு வரி போகலாம். முடிச்சுப் போடாதீர்கள், அந்தத் தலைக்கு ஒரு முடிச்சு ஒரு கல். பொத்தான், நாடா, குஞ்சம் ஒன்றும் வேண்டாம். ரோமம் பறக்கும் நூல் வேண்டாம். வாசனையில்லாத சவர்க்காரத்தில் துவைத்துக் கொடுங்கள். ஒன்றையும் மறவாதீர்கள்: இந்தத் தொப்பி வார்ட்டுக்கு உரியது, தாதி பார்த்துக்கொண்டிருக்கும்போது போடுவது. சுகமாக வீட்டுக்கு வந்த குழந்தையை, அதுவும் நம் வெக்கையில், தொப்பியோடு நித்திரையாக்க வேண்டாம்; அளவுக்கு மிஞ்சிய சூடும் குழந்தைக்கு ஆபத்து.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் சின்னது. ஒவ்வொரு கிளையும் ஒரு பெட்டி வையுங்கள். ரொறன்ரோவில் எங்கள் அம்மாமார் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் அலுமாரியைத் துப்புரவாக்கும் பிள்ளைகள், ஊசியோடு நிற்கும் அரைப்பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு, எறியவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் இடமில்லாமல் நிற்கிறார்கள். அது அந்தப் பெட்டிக்கு வரட்டும். கிளையில் ஒருவர் கேட்கிற பொறுப்பை எடுக்கட்டும்: பக்கத்து ஆஸ்பத்திரியில், முதியோர் இல்லத்தில், வீடற்றோர் தங்கும் இடத்தில். லண்டனில் பின்னுவது லண்டனில் குளிர்கிறவருக்குப் போகட்டும், மெல்பேர்னில் பின்னுவது மெல்பேர்னில். கடல் தாண்டி அனுப்பும் செலவுக்கு இங்கே அதைவிட நல்ல வேலைகள் உண்டு. ஊருக்கு அனுப்புவதென்றால், என் தோழி சொன்னதுபோல, நூலாயே அனுப்புங்கள். இன்று இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் பழகட்டும்.

எங்கள் ரீச்சர் இப்போது இல்லை. அந்தக் கடகம் எங்கே போனதென்றும் தெரியாது. ஆகையால் நேற்றுச் சந்தையில் ஒரு புதுக் கடகம் வாங்கினேன். அதற்குள் என் அம்மா விட்டுப்போன நூலும், பத்துச் சோடி ஊசியும் இருக்கின்றன. தேநீர் நேரத்தில் மண்டப வாசலில் வைப்பேன். விழா முடிந்ததும் அது தையல் அறைக்குப் போகும். அதிபர் அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அதிலிருந்து பின்னும் முதல் தொப்பிகள் எந்த வார்ட்டுக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.